ஆறாவது தடத்தில் ஒரு வெற்றுக் கோது

அன்று பிற்பகல், துப்பாக்கி சுடும் போட்டியின் கடைசிச் சுற்றான ஆறாவது தடத்தில் நாங்கள் நான்கு பேர் நின்றோம். சுடுவதற்குப் பாலா அண்ணை. அவருக்கு வலப்பக்கம் ஒரு கை தூரத்தில், நேரமானியைப் பிடித்துக்கொண்டு நடுவராக நான். வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால், அடுத்ததாகச் சுட வேண்டிய தெனி, தொழிலில் தபால்காரர். ரவைகளைத் தடுக்கும் மண் அணையோரம், பென்சிலைக் காதில் செருகியபடி தலைமை நடுவர் முசியே லாரோஷ். அங்கே இல்லாதவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். காலையில் முதலாம் தடத்தை நடத்தியவர் ஒரு பல் வைத்தியர். அவர் மதியத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். அவர் நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

அந்தத் துப்பாக்கி சுடும் மன்றத்தில் எட்டு வருடம் வேலை செய்தேன். முப்பது வயதாவதற்குள் விட்டுவிட்டேன். நண்பர்கள் என்னைப் "பென்சனியர்" என்று நக்கலடிப்பார்கள். போன மாதம் அங்கே நடுவர் வகுப்பில் சேர்ந்திருக்கும் நம்முடைய ஆட்கள் இருவர் தேடி வந்தார்கள். சுடுபவர் தடம் தடமாகக் கொண்டுபோகும், நேரமும் எச்சரிக்கையும் எழுதும் தாள்கள் ஒழிந்துவிட்டனவாம். இப்போது நடுவர் கையில் சின்னக் கணினி. சுடுபவருக்கு முன்பு ஏதாவது எச்சரிக்கை இருந்தால் திரையின் உச்சியில் சிவப்பாக வருமாம். "அண்ணா, நீங்க இருந்த காலத்தில எப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டார்கள். தாளைப் பிரட்டிப் பார்ப்போம் என்றேன். ஏன் விட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு அன்று பதில் சொல்லவில்லை.

நான் மன்னார்ப் பிள்ளை. அப்பா அங்கே கடல் தொழில், மொன்றியலில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். அம்மா கையெழுத்துப் போடப் பழகியதே இங்கே வந்துதான். பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் வீட்டில் நான். சென்ட்-ஆன்-த-பெல்வ்யூவில் படிக்கும்போது பகுதிநேர வேலை தேடினேன். பாலத்துக்கு அப்பால் இருந்த மன்றத்தில் சுட்டு முடிந்த ரவைகளின் வெற்றுக் கோதுகளைக் கூட்டி அள்ள ஆள் வேண்டும் என்றார்கள். போரிலிருந்து ஓடி வந்த குடும்பத்துப் பிள்ளை துப்பாக்கிக்குக் கிட்டப் போவதா என்று அம்மா மூன்று நாள் பேசவில்லை. பிறகு கோவிலில் கேட்பவர்களுக்கு "விளையாட்டுச் சாமான் கடையில நிக்கிறான்" என்று சொல்லத் தொடங்கினார். கூட்டுவது ஒரு வருடம், கணக்காளருக்கு உதவி ஒரு வருடம், பிறகு நடுவர் வகுப்பு. விதிப் புத்தகத்தைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் முழுதாக வாசித்திருந்தவன் அந்த வகுப்பில் நான் மட்டுமே. அதில் எனக்குப் பெருமை.

முசியே லாரோஷ் அறுபதைத் தாண்டியவர். சத்தமாகப் பேசியதை நான் கேட்டதில்லை. ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் "மெர்சி" என்று நன்றி சொல்வார், போட்டியிலிருந்து ஒருவரை வெளியேற்றும்போதும் அப்படித்தான். எதையும் ஒருமுறைதான் கேட்பார். கிடைத்த பதிலை எழுதுவார். இரண்டாந்தரம் கேட்டால், முதல் பதிலை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். சுடுபவர் தன் தாளை நீட்டும்போது என்ன செய்ய வேண்டும் என்று அவர் எங்களுக்குக் காட்டித் தந்தது இது: பெயரைச் சத்தமாக வாசி, தாளைப் பிரட்டு, பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் "வெறுமை" என்று சொல், திருப்பு, ஒப்பமிடு. எச்சரிக்கைகள் பின்பக்கத்தில்தான் எழுதப்படும். வெறும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "வெறுமை, வெறுமை" என்று நாங்கள் பயிற்சி செய்வதைப் பார்த்து பாலா அண்ணை சொன்னார்: "இந்தாள் ஒருக்கால் சிரிச்சால் அதுக்கும் ஒரு தாள் நிரப்பும் போல."

பாலா அண்ணை யாழ்ப்பாணத்து ஆள். நோத்ர-டாம்-த-கிரேஸில் மூன்றாம் மாடியில் இருந்தார். தொழிற்சாலையில் மடிக்கும் இயந்திரத்துக்குள் இடது கை அகப்பட்டு, மோதிர விரலும் நடுவிரலும் மடங்காமல் போயின. கம்பனி அவரை இயந்திரத்திலிருந்து எடுத்துக் கூட்டுகிற தும்புத்தடியைக் கொடுத்தது. ஒரு வேலை நண்பர் அவரை மன்றத்துக்குக் கூட்டி வந்தார். காகிதக் குறிகளில் துளை விழும்போது அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு வருடத்துக்குள் அனுமதிகள் எல்லாம் எடுத்து, சொந்தமாக ஒரு ஆறு ரவை ரிவோல்வரும் வாங்கிவிட்டார்.

"ஏன் அண்ணை ரிவோல்வர்? எல்லாரும் பிஸ்டல்தானே சுடுகினம்?"

"பிஸ்டல் தானாத் துப்பும், தானா நிரப்பும். பேந்து எனக்கு என்ன வேலை? இதில ஆறு வெடிக்கு ஒருக்கால் கைக்கு வேலை இருக்கு. என்ரை கைக்கு."

ரிவோல்வர் போட்டியில் பெரும்பாலும் வெல்வதும் தோற்பதும் அந்தக் கைவேலையில்தான். குறி எல்லோருக்கும் ஓரளவு வரும். ஆறு வெடி முடிந்ததும் உருளையைத் திறந்து, வெற்றுக் கோதுகளைத் தள்ளி, லோடர் என்னும் சின்னக் குமிழில் வட்டமாகப் பூட்டிய ஆறு ரவைகளை ஒரே தள்ளில் இறக்கி, மூடிக் குறிக்கு வர வேண்டும். எங்கள் மன்றத்தில் எல்லோரும் பழகிய முறை இது: ரிவோல்வரை இடது கைக்கு மாற்று. இடது கையின் நடு இரண்டு விரல்களைச் சட்டத்துக்குள்ளால் விட்டு உருளையைத் தள்ளிப் பிடி. குழலை வானத்துக்கு நிமிர்த்தி, பெருவிரலால், கோதுகளைத் தள்ளும் கம்பியான தள்ளுகோலை ஒரே அடியாக அடி. கோதுகள் தம் பாரத்தில் விழும். குழலைத் தரைக்குச் சாய். வலது கை அதற்குள் இடுப்பிலிருந்து லோடரோடு வந்திருக்க வேண்டும்.

அதற்கு வேண்டியது மடங்குகிற நடு இரண்டு விரல்கள். அண்ணையிடம் இல்லாதவையும் அவைதான்.

ஒரு மாரி முழுக்க அவருடைய படுக்கையறையில் போலி ரவைகளோடு நின்றோம். விழும் லோடர்கள் நெளியாமல் இருக்கக் கட்டிலோரம் நின்று மெத்தைக்கு மேலேதான் பழக வேண்டும். வசந்தி அக்கா, அவருடைய மனைவி, வாசலில் நின்று சொல்லுவார்: "யூட், உன்ரை அண்ணைக்குச் சொல்லு. படுத்தால் முதுகில குத்துது. போலிச் சன்னமாம். குத்துறது உண்மையாத்தானே குத்துது!"

ரிவோல்வரை வலது கையிலேயே வைத்திருப்பது என்று கடைசியில் முடிவெடுத்தோம். வலது பெருவிரல் உருளையின் தாழைத் தள்ளும். இடது உள்ளங்கை உருளையைத் திறந்து, குழல் நிமிர்ந்ததும் தள்ளுகோலை ஓங்கி அடிக்கும். பிறகு இடது கையே இடுப்பின் இடப்பக்கத்தில் லோடரை எடுக்கும். பெருவிரலும் சுட்டுவிரலும் சின்னவிரலும் போதும். முதல் நாள் ஒன்பது செக்கன் பிடித்தது. பனி உருகும்போது மூன்றரைக்கு வந்துவிட்டார். இந்த முறையில் ஒரு கெட்ட குணம் இருந்தது. வலது கையில் ரிவோல்வரை நிமிர்த்தும்போது முழங்கை மடங்கி, குழல் வலத்தோளுக்குப் பின்னால் சாயப் பார்க்கும். குழல் பின்னால் போகக் கூடாது, அங்கே ஆட்கள் நிற்பார்கள். எங்கள் மன்றத்தில் சாயத் தொடங்கினாலே எழுத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரே நாளில் இரண்டாவது எழுதப்பட்டால் வீட்டுக்குப் போகலாம்.

"முழங்கையை விலாவோட ஒட்டுங்கோ அண்ணை."

"ஒட்டினால் நிமிராது. நிமிராட்டிக் கோது விழாது."

"அரைவாசி நிமிர்த்தினால் கோது ஸ்டாருக்குக் கீழ போயிடும். அது இன்னும் மோசம்."

உருளையின் பின்புறம் கோதுகளின் விளிம்பைத் தூக்கும் நட்சத்திரத் தகட்டைத்தான் ஸ்டார் என்போம். குழல் போதுமான அளவு நிமிராவிட்டால், தூக்கிய கோதுகளில் ஒன்று வழுக்கி மீண்டும் உள்ளே விழும். ஸ்டார் அதற்கு மேலே வந்து மூடிவிடும். அதைக் கவனிக்காமல் லோடரைத் தள்ளினால் இறங்காது. ரவைகள் நிலத்தில் கொட்டும், பத்துச் செக்கன் போய்விடும். அந்தக் கணமே கண்டால் தள்ளுகோலை அமுக்கிப் பிடித்து, நகத்தால் கோதைக் கிளப்பி எடுக்கலாம். இரண்டு செக்கனுக்குள் முடியும்.

அந்த ஆனி மாதச் சனிக்கிழமை ஆறு தடங்களுக்கும் சேர்த்துக் குறைந்த நேரத்தோடு ரிவோல்வர் பிரிவில் முதலாவதாக வருபவருக்கு மாகாண அணியில் ஓர் இடம். ஒரே ஓர் இடம். அண்ணை அதைப் பற்றி அதிகம் கதைத்ததில்லை. ஒருமுறை மட்டும், காரில் போகும்போது சொன்னார்: "எங்கை போனாலும் சனம் முதல்ல இந்தக் கையைப் பாக்குது. பாத்திட்டு 'ஐயோ' எண்ட முகம். அணியில இருந்தால், கையைப் பாக்க முதல் பேரைச் சொல்லிக் கூப்பிடுவினம் என்ன?"

காலையில் நான் மறுபக்க மைதானத்தில் வேறு பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிற்பகல் ஆறாவது தடத்துக்கு வந்தபோது அண்ணை தாளை நீட்டினார். சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனை மாலை அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். பெயரை வாசித்தேன், ஒப்பமிட்டேன். பிரட்டவில்லை. அவருடைய தாளைப் பிரட்டுவது அவரைச் சோதனை போடுவது மாதிரி எனக்கு அந்தக் கணம் பட்டது.

நேரமானி ஒலித்தது. முதல் ஆறு வெடியும் சுத்தம். உருளை திறந்தது. ஆனால் குழல் முழுதாக நிமிரவில்லை. நாங்கள் ஒரு மாரியாகப் பழகியதில் பாதிதான். ஏன் இப்படிச் செய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. உள்ளங்கை அடித்தது. ஐந்து கோது விழுந்தது. ஆறாவது உள்ளே வழுக்கி ஸ்டாருக்குக் கீழே போனதை நான் கண்டேன். அவருடைய கண் அடுத்த குறியில் இருந்தது, இடது கை லோடரைத் தொட்டுவிட்டது.

நடுவர் பாதுகாப்புக்காக மட்டுமே வாய் திறக்கலாம். விதிப் புத்தகத்தில் அது எத்தனையாம் பக்கம் என்றும் எனக்குத் தெரியும்.

"அண்ணை, கோது!"

அவர் நின்றார். பார்த்தார். தள்ளுகோலை அமுக்கினார், நகத்தால் கிளப்பினார், கோது விழுந்தது, லோடர் இறங்கியது. மிச்ச ஆறும் குறியில். எல்லாம் முடிந்து, ரிவோல்வர் வெறுமை என்று காட்டி உறையில் வைத்தபின் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

பின்னால் தெனி கையை உயர்த்தினார். கோபமாக இல்லை. "மன்னிக்க வேண்டும். நடுவர் ஏதோ சொன்னார்."

முசியே லாரோஷ் நடந்து வந்தார். பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார்.

"அவருக்கு என்ன சொன்னாய்?"

எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களைப் பத்து வயதிலிருந்து நான்தான் வாசித்தேன். வைத்தியரிடமும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் நான்தான் மொழிபெயர்த்தேன். இந்த மருந்து சரிவரவில்லை, இனி ஊசிதான் என்று வைத்தியர் சொன்னால், அம்மாவுக்கு "மருந்தை மாத்திப் பாப்பமாம்" என்பேன். "இவன்ரை தலையில இடி விழ" என்று அம்மா சொன்னால், வீட்டுச் சொந்தக்காரருக்கு அம்மா நன்றி சொல்கிறார் என்பேன். ஒருவருக்கும் நோகாமல், ஒருவரும் சண்டை பிடிக்காமல் இரு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் மொழிபெயர்ப்பு என்று நினைத்து வளர்ந்தவன் நான். வீட்டில் எல்லோரும் அதைக் கெட்டித்தனம் என்றார்கள். அன்றும் என் வாய் அதையே செய்தது. எனக்கு யோசிக்க ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சுக்குள் நான் கணக்குப் போட்டேன்: கோது என்றேன் என்றால் சுடுபவருக்கு உதவி, அவருக்குத் தண்டனை. குழல் என்றேன் என்றால் பாதுகாப்பு, அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அது ஓர் எச்சரிக்கை மட்டுமே. முதல் எச்சரிக்கைக்குத் தண்டனை இல்லை.

"குழலைக் கவனிக்கச் சொன்னேன்," என்றேன்.

"எச்சரிக்கை?"

"ஓம்," என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் தாளை வாங்கினார். பிரட்டினார். நானும் அப்போதுதான் பின்பக்கத்தைப் பார்த்தேன். பல் வைத்தியரின் சின்ன எழுத்தில் ஒரு வரி: முதலாம் தடம், மீள்நிரப்பும்போது குழல் பின்னால் சாய்ந்தது, எச்சரிக்கை. அண்ணை ஏன் அரைவாசி நிமிர்த்தினார் என்பது எனக்கு அப்போது விளங்கியது. காலையில் வாங்கிய அந்த வரிக்குப் பயந்துதான்.

முசியே லாரோஷ் அதன் கீழே இரண்டாவது வரியை எழுதினார். அண்ணைக்குக் கை கொடுத்தார். "இன்றைய போட்டி உங்களுக்கு முடிந்தது. மெர்சி."

அண்ணைக்கு அவ்வளவு பிரெஞ்சு தெரியும். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன்.

"விடு," என்றார் அண்ணை. சத்தம் மெதுவாக இருந்தது. "கதைக்காதை. நீ பொய் சொன்னனி எண்டு தெரிஞ்சால் உன்ரை வேலை போகும். படிச்ச பிள்ளை. எனக்கு அடுத்த வரியமும் இருக்கு."

"அண்ணை, நான் சொல்லுறன்..."

"விசரா. விடு எண்டால் விடு."

தெனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

நான் இரண்டாந்தரமும் மொழிபெயர்த்தேன். "முடிவை ஏற்றுக்கொள்கிறாராம்."

அண்ணை இடுப்புப் பட்டியைக் கழற்றினார். லோடர்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்தார். அந்த இரண்டு விரல்களும் நீட்டியபடியே இருந்தன. தெனிக்கு "பொன் ஷான்ஸ்" என்று வாழ்த்துச் சொல்லிக் கை கொடுத்தார். பெறுபேறுகள் ஒட்டப்பட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் எவரும் முறையிடலாம் என்று பலகையில் எழுதியிருந்தது. நான் அந்தப் பலகைக்குக் கீழே நின்றுதான் குறித்தாள்களைச் சுருட்டினேன். மணித்தியாலம் போனது. எனக்கு வேலை பெரிதாக இருந்தது, வீட்டு வாடகையில் பாதி என் சம்பளத்தில் போனது, என்றெல்லாம் பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மையில் அன்று நான் பயந்தேன். விதிப் புத்தகம் முழுக்க வாசித்த ஒருவன் பொய்யன் என்று அவர்கள் முன்னால் நிற்கப் பயந்தேன். அண்ணை கதைக்காதே என்று சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று.

அடுத்த வருடம் இருக்கிறது என்று சொன்னவர் அடுத்த கிழமை வரவில்லை. நான் தொலைபேசி எடுத்தேன். வசந்தி அக்காதான் கதைத்தார். "அந்தாள் சாமானெல்லாத்தையும் விக்கப் போறன் எண்டு நிக்குது, யூட். கேட்டால் ஒண்டும் சொல்லுதில்லை. அங்கை என்ன நடந்தது? அந்தாள் ஏதும் பிழை விட்டதே?"

"இல்லை அக்கா," என்றேன். "அண்ணை ஒரு பிழையும் விடேல்லை."

"அப்ப ஆர் விட்டது?"

அக்காவுக்கு முழுவதையும் சொன்னேன். கடைசிவரை கேட்டார். பிறகு, "உனக்கு நான் சோறு போட்டனான்," என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

மறுநாள் முசியே லாரோஷின் அறைக்குப் போனேன். கோது என்றுதான் சொன்னேன், குழல் என்று சொல்லவில்லை என்றேன். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"எனக்குத் தெரியும்," என்றார். "குழல் பின்னால் சாயவே இல்லை. நான் அணையோரம் நின்று பார்த்தேன்."

"தெரிந்தும் ஏன் எழுதினீர்கள்?"

"தடத்துக்கு நடுவர் நீ. நீ கண்டதாகச் சொன்னதை நான் காணவில்லை என்பதற்காக அழிக்க முடியாது. நான் கேட்டேன். நீ பதில் சொன்னாய்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த ஒரு மணித்தியாலமும் நான் பலகையை விட்டுப் போகவில்லை. நீ வருவாய் என்று நினைத்தேன்."

இப்போது திருத்த முடியாதா என்று கேட்டேன். அணிப் பெயர்கள் திங்களன்றே போய்விட்டன என்றார். என்னுடைய நடுவர் அட்டையை மேசையில் வைத்தேன். அவர் அதை எடுக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று தெனியுடையது, மொத்தம் நூற்று நாற்பத்தாறு புள்ளி ஐந்து ஒன்று. மற்றது பாலா அண்ணையுடையது. குறுக்கே ஒரு கோடு, மொத்தம் போடும் இடம் வெறுமை. வெளியேற்றப்பட்டவருக்கு மொத்தம் கூட்டுவதில்லை.

"கூட்டு," என்றார். பென்சிலை நீட்டினார்.

18.42. 27.90. 21.15. 31.08. 16.77. கடைசியாக என் கையெழுத்தில் 27.04. கோது அகப்பட்டதும், நகத்தால் கிளப்பியதும் எல்லாம் அதற்குள் அடக்கம். கூட்டினேன்: நூற்று நாற்பத்திரண்டு புள்ளி மூன்று ஆறு.

"நடுவர் உதவி சொன்னால் சுடுபவருக்கு எவ்வளவு தண்டனை?"

"மூன்று செக்கன்."

"சேர்."

சேர்த்தேன். நூற்று நாற்பத்தைந்து புள்ளி மூன்று ஆறு. ஒரு செக்கனுக்கு மேல் மிச்சம் வைத்து அண்ணை முதலாவது. அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார். "மெர்சி," என்றார்.

அன்று கேட்ட இருவருக்கும் பதில் இதுதான். கோது என்றேன் என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு மூன்று செக்கன் போயிருக்கும். போனது நூற்று நாற்பத்திரண்டு புள்ளி மூன்று ஆறு.